அரைக் குவளை மழை

முதல் மழை விழுந்ததும் ஜன்னலைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, மண்வாசனை" என்று மூக்கை உறிஞ்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அது மண்ணின் வாசனை அல்ல. மண்ணுக்குள் சுண்ணாம்புத் தூள் போல வெளுத்து வளரும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்தின் வாசனை. மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாவிட்டாலும் சாகாமல் கிடக்கும் கூட்டம் அது. இதைச் சொன்னால் ஏதோ சோற்றில் மண்ணைப் போட்டதுபோல முகம் சுளிப்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இருபத்தைந்து வயதில் எனக்கு உலகத்தில் பெரும்பாலானவர்கள் கழுதைகளாகத்தான் தெரிந்தார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதி. பம்மலில் எங்கள் வீடு. தினமும் காலையில் சைக்கிளை மிதித்து, குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்று, அந்தப் பக்கம் அஸ்தினாபுரம் போவேன். கேட் மூடியிருக்கும்போது, சைக்கிளைச் சாய்த்துக் கம்பிக்குக் கீழே நுழைந்து ரயில் வருகிறதா என்று பார்க்காமல் ஓடுகிற கூட்டத்தை வேடிக்கை பார்ப்பேன். நான் மட்டும் கேட் திறக்கும்வரை நிற்பேன். விதிகளை மதிக்கிறவன் என்று எனக்கு என்மேல் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து, ஆய்வு நிலையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையும் போய்விட்டது, நிலையமும் போய்விட்டது. மூன்று அறைகள், ஒரு பழைய ஃப்ரிட்ஜ், ஒரு நுண்ணோக்கி, ஓர் இயக்குநர். நான் அங்கே முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்திருந்தேன். இயக்குநர்தான் என் வழிகாட்டி. தாவரவியல் படித்தவர். வெளிநாட்டுக் கடிதம் வந்த அன்று மட்டும் டை கட்டுவார். மண்ணை மண் என்று சொல்ல மாட்டார், சாம்பிள் என்பார்.

அவருக்கு எங்கிருந்தோ ஒரு நல்ல கேள்வி கிடைத்திருந்தது. அவருடையதாக இருக்க வாய்ப்பில்லை, ஏதோ கருத்தரங்கில் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒரு காட்டில் ஒரு வருஷம் மழை தவறினால் அது வேறு. பல வருஷங்கள் தொடர்ந்து மழை குறைந்துகொண்டே போனால், அந்த மண்ணில் இருக்கும் உயிர்கள் என்ன ஆகும்? பிறகு ஒரு நாள் நல்ல மழை பெய்தால் பழையபடி எழுந்து வேலை செய்யுமா, அல்லது மண்ணே வேறு மண்ணாகிவிட்டிருக்குமா? உதிர்ந்த இலையை மக்க வைத்து மரத்துக்குச் சோறாக்குவது அந்த உயிர்கள்தான். அவை மாறினால் காடு மாறும். இதுதான் கேள்வி.

வண்டலூர்ப் பக்கத்துக் காப்புக்காட்டிலிருந்து மண் எடுக்க அனுமதி வாங்கினோம். காடு என்றதும் வானளாவிய மரங்களைக் கற்பனை செய்ய வேண்டாம். காரையும் களாவும் சூரையும் பின்னிக் கிடக்கும் முட்காடு. சரளைக்கல் கலந்த செம்மண். வேட்டியைக் கிழிக்கும், காலைக் கிழிக்கும். இயக்குநர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஃப்ளாஸ்கில் கொண்டுவந்த காபியைக் குடித்துக்கொண்டு, "டாப் லேயர் முக்கியம்யா" என்று ஜன்னல் வழியாக உத்தரவு போட்டார். நானும் இரண்டு கூலியாட்களும் மண்ணைக் கலைக்காமல் பாளம் பாளமாக வெட்டி, கோணியில் சுற்றி, வேனில் ஏற்றினோம்.

மொட்டை மாடியில் இருபத்துநான்கு சிமென்ட் தொட்டிகள். பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. மேலே ஃபைபர் ஷீட் போட்டு, ஒரு சொட்டு மழை உள்ளே விழாதபடி செய்தோம். மழையை நாங்களே பெய்ய வைத்தோம். பல வருஷச் சராசரியில் அந்த வாரத்துக்கு எவ்வளவு மழையோ அதைக் கணக்கிட்டு, முதல் வரிசைக்கு ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குவளை. இரண்டாவது வரிசைக்கு அரைக் குவளை. ஐப்பசி கார்த்திகை என்றால் பல சுற்று வரும், பங்குனியில் வெறும் குவளையோடு மாடிக்குப் போய்வருவேன். ஆனால் எந்த வாரமும் விகிதம் மாறாது, ஒன்றுக்கு அரை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஊற்றுவேன். நான்கு வருஷம் அப்படி ஊற்றினேன். காய்ச்சலோடு வந்து ஊற்றியிருக்கிறேன், பந்த் அன்று நடந்து வந்து ஊற்றியிருக்கிறேன்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் போட்டவர்கள், பிறகு நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டுச் செங்கல், சிமென்ட் வியாபாரத்துக்கு வந்துவிட்டவர்கள். ஐம்பது வயது இருக்கும். மாடியில் துணி காயப்போட வருவார், வடகம் பிழிய வருவார். நான் தண்ணீர் ஊற்றுவதைப் படியில் நின்றபடி பார்ப்பார். தொட்டியில் என்ன செடி வரும் என்று ஒருமுறை கேட்டார். செடி எதுவும் வராது என்றேன். அப்புறம் எதுக்கு ஊத்துற என்றார். சொன்னால் உங்களுக்குப் புரியாதம்மா என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது.

நடுவில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. கிணறுகள் அடிமண் தெரிய வற்றின. தெருவுக்கு லாரி வந்தால் குடங்கள் முட்டிக்கொள்ளும். நிலையத்துக்கு மட்டும் வாரம் ஒரு டிரம் தண்ணீர் தனியாக வந்தது. ஊரே குடத்தோடு நிற்கும்போது நான் மாடியில் நின்று வெறும் மண்ணுக்குச் சராசரி மழையை வார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியிலிருந்து ஒருவர், "இன்னா சார், மண்ணுக்குத் தாகமா?" என்றார். சிரித்தார்கள். அறிவியலின் அருமை தெரியாத ஜனம் என்று நானும் சிரித்தேன்.

ஈரப்பதத்தை மாதம் ஒருமுறை அளந்தேன், அதுவும் திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றுவதற்குச் சற்று முன்னால். ஒரு வாரம் காய்ந்த பிறகு எல்லாத் தொட்டியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்பதை யோசிக்கக்கூட இல்லை. அந்த ஏற்பாடு இயக்குநருடையது, நான் தலையாட்டினேன். மழைக்கால மாதங்களிலாவது இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அதற்கும் ஒரு விளக்கம் எழுதினேன். காட்டு மண் தனக்குக் கிடைக்கும் தண்ணீரைச் சிக்கனமாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று ஒன்றரைப் பக்கம். ஆங்கிலத்தில் படித்தால் மிக அழகாக இருக்கும்.

ஒரே ஒரு தொட்டி மட்டும் அடங்கவில்லை. இரண்டாவது வரிசையின் கடைசி, பன்னிரண்டாவது தொட்டி. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் மூலையில் இருந்தது. குறுக்கே இரண்டு குழாய்கள் ஓடியதால், நான் காலைத் தூக்கிப்போட்டு, சுவரைப் பிடித்து, வயிற்றை எக்கித்தான் அதை எட்ட முடியும். மழைக்கால மாதங்களில் அதன் ஈரம் எப்போதும் மற்றவற்றைவிடக் குறைவு. மூலையில் வெயில் அதிகம் என்று நோட்டில் குறித்தேன். டேங்கின் நிழலில் நாள் முழுக்கக் கிடந்த தொட்டிக்கு வெயில் அதிகம் என்று எழுதிய புத்திசாலி நான்.

நான்காவது வருஷக் கடைசியில் இறுதிச் சோதனை. இருபத்துநான்கு தொட்டிக்கும் சமமாக, முழுக் குவளை மழை. பிறகு மண் மூச்சு விடுவதை அளக்க வேண்டும். மண்ணுக்கு மூச்சா என்று சிரிக்க வேண்டாம். நுண்ணுயிர்கள் விழித்து வேலையைத் தொடங்கினால் அவையும் நம்மைப் போலக் கரியமில வாயுவை வெளியே விடும். தொட்டியின் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, உள்ளே காரக் கரைசல் கிண்ணம் ஒன்றை வைத்தால் அது அந்தக் காற்றைக் குடித்துக்கொள்ளும். மறுநாள் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு குடித்தது என்று கண்டுபிடிக்கலாம். இருபத்துமூன்று தொட்டிகள் ஒரே மாதிரி மூச்சு விட்டன. பன்னிரண்டாவது தொட்டி அசையவே இல்லை. தண்ணீர் வந்ததை நம்பாததுபோல இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் மெல்ல ஆரம்பித்தது, அப்போதும் மற்றவற்றில் பாதிக்கு வரவில்லை.

அந்த மண்ணைக் கரைத்துக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தேன். மற்றத் தொட்டிகளின் தட்டுகளில் வழவழவென்று ஈரப் புள்ளிகளாக வந்தன. பன்னிரண்டாவதின் தட்டில் வெள்ளையும் சாம்பலுமாகச் சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல வந்தது. மூடியைத் திறந்தால் அறை முழுக்க முதல் மழையின் வாசனை. எல்லாத் தட்டையும்விட அழகாக இருந்தது அது. நான் அதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பிறகு இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"அவுட்லையர்யா இது. அந்த வரிசையில பதினொண்ணு ஒரு மாதிரி சொல்லுது, ஒண்ணு வேற மாதிரி சொல்லுது. எதை நம்புவே? தூக்கிப் போட்டுட்டு எழுதி முடி."

எழுதி முடித்தேன். நீண்டகால மழைக்குறைவு காட்டு மண்ணின் நுண்ணுயிர்களைப் பாதிப்பதில்லை, காட்டு மண் தாங்கிக்கொள்ளும் என்பது என் முடிவு. பன்னிரண்டாவது தொட்டி கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று அடிக்குறிப்பாக ஒரு வரி. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, சிவப்பு அட்டை போட்டு, பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன். தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை பேசி முடித்திருந்தேன். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்கு வந்தால் வேலை எனக்கு. வராவிட்டால் வரிசையில் அடுத்தவனுக்கு.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அதுவரை பழக்கம் விடாமல் திங்கட்கிழமைகளில் பழையபடி ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். மாடியைக் காலி செய்து கொடுக்கச் சொல்லி இயக்குநர் அனுப்பினார். நான் தொட்டிகளைக் கவிழ்த்து மண்ணைக் கோணியில் அள்ளிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை மாலை ஆறு மணி இருக்கும், வழக்கமாக நான் அங்கே இல்லாத நேரம். வீட்டுக்கார அம்மா துணி எடுக்க வந்தார். ஒரு கையில் செம்பு.

"இன்னா தம்பி, எல்லாத்தையும் கொட்டிகினு கீற?" என்றார். "இன்னிக்கு ஊத்த வேணாமா அப்போ?"

யார் ஊற்றுவது என்று கேட்டேன்.

அவர் எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொன்னார். முதல் மாதத்திலிருந்தே பார்த்திருக்கிறார். ஒரு வரிசைக்கு நான் நிறைய ஊற்றுகிறேன், இன்னொரு வரிசைக்குப் பாதிதான். முதலில் சோம்பல் என்று நினைத்தாராம். பிறகு நான் வேண்டுமென்றேதான் செய்கிறேன் என்று புரிந்ததாம். திங்கட்கிழமை சாயங்காலம் துணி எடுக்க வரும்போதெல்லாம், நான் குறைத்த பாதியை அவர் செம்பால் நிரப்பியிருக்கிறார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் எத்தனை சுற்று ஊற்றினேனோ அத்தனை சுற்று. படியில் நின்று எண்ணியிருக்கிறார்.

"பந்தியில குந்த வச்சிட்டு, எதிர் வரிசைக்கு ரொம்பப் போட்டு, இந்த வரிசைக்குப் பாதி போட்டா பாவமில்லையா தம்பி? எங்க வூட்ல ஓரவஞ்சனை பண்ண மாட்டோம். நீ படிச்ச புள்ள, உன்னாண்ட எப்டி சொல்றதுன்னு நானே ஊத்திகினு இருந்தேன்."

பஞ்சத்திலுமா என்று கேட்டேன். பஞ்சத்திலும்தான் என்றார். லாரியில் பிடித்த குடத்திலிருந்து. அந்த நாட்களில் அவர் மருமகள் இதற்காகச் சண்டை போட்டாராம். டேங்குக்குப் பின்னால் இருக்கும் தொட்டி மட்டும் அவருக்கு எட்டவில்லை. புடவையைக் கட்டிக்கொண்டு குழாயைத் தாண்ட முடியவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. பாவம் அது மட்டும் பட்டினியாகவே கிடந்துவிட்டது என்றார்.

கத்த வேண்டும் போல் இருந்தது. நான்கு வருஷத்தை ஒரு செம்பால் கரைத்துவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் கத்தி என்ன ஆகும்? அவர் கேட்டபோது புரியாதம்மா என்று சொன்னவன் நான். இரண்டு நிமிஷம் செலவழித்து, இது வறட்சி வரிசை, இதற்குக் குறைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தால் போதும். நெல் போட்ட குடும்பத்துப் பெண்ணுக்கு வறட்சி என்றால் என்ன என்று என்னைவிட நன்றாகத் தெரியும். வாயைத் திறக்க என் படிப்பு விடவில்லை. கோணியைக் கட்டினேன். பன்னிரண்டாவது தொட்டியின் மண் எந்தக் கோணியில் போனது என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் இயக்குநரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு அந்த அம்மா பல்கலைக்கழகத்துக்கு வந்து சாட்சி சொல்லப் போகிறாளா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அப்புறம் என்ன என்றார். அந்த மனிதரை நான் அன்றைக்கு வெறுத்த அளவு யாரையும் வெறுத்ததில்லை. அவர் சொன்னபடியேதான் செய்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஒல்லியாக, ரப்பர் செருப்போடு, ஜோல்னாப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு. ஆய்வேட்டை முழுக்கப் படித்திருந்தார், அதுவே எனக்கு அதிசயம். மற்றவர்கள் பொருளடக்கத்தைப் புரட்டிக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டார்கள். அவர் அடிக்குறிப்பில் விரலை வைத்தார்.

"எனக்கு உங்க இருபத்துமூணு தொட்டியைவிட இந்த ஒண்ணுதான் சுவாரசியமா இருக்கு. இதை ஏன் எடுத்துட்டீங்க? இதுல என்ன ஆச்சு?"

மிரட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். அந்த நான்கு வருஷத்தில் அந்தத் தொட்டியைப் பற்றி என்னிடம் ஒருவர் உண்மையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லியிருந்தால் பட்டம் தள்ளிப்போயிருக்கும், வேலை போயிருக்கும். ஆனால் இந்த ஒரு தொட்டிதான் சார் நான்கு வருஷமும் அரை மழையில் வாழ்ந்தது என்று சொன்னால், அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்றும் எனக்குத் தெரியும். இயக்குநர் தொண்டையைக் கனைத்தார்.

"பக்கத்துல இருந்த பைப் கசிஞ்சிருச்சு சார். அந்தத் தொட்டிக்குத் தண்ணி அதிகமா போயிருச்சு" என்றேன்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ குறித்தார். எனக்குப் பட்டம் கிடைத்தது. வீட்டுக்கார அம்மா டாக்டர் தம்பி என்று கூப்பிட்டு ஒரு டம்ளர் பால் பாயசம் கொடுத்தார்.

கல்லூரியில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மண் நுண்ணுயிரியல் தாளுக்கு நான்தான் குறிப்பு கொடுப்பேன். மழையும் காட்டு மண்ணும் என்ற பகுதியில் என் ஆய்வேட்டின் முடிவையே வைத்திருந்தேன், வேறு யாருடையதை வைப்பேன்? பருவத் தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வி வரும். நாற்பது பேரும் என் வாக்கியத்தை எழுத்து மாறாமல் கக்குவார்கள். கிளிப்பிள்ளைகள் என்று திட்டிக்கொண்டே முழு மதிப்பெண் போடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், ஒரு விடைத்தாளில் வேறு மாதிரி இருந்தது. படப்பைப் பக்கமிருந்து வரும் பெண், வகுப்பில் வாயே திறக்காதவள். பல வருஷம் மழை குறைந்தால் மண்ணுக்குள் இருக்கும் உயிர்கள் இடம் மாறிக்கொள்ளும், தாகம் தாங்குகிறவை மட்டும் மிஞ்சும், பிறகு நல்ல மழை வந்தாலும் அந்த மண்ணுக்கு அதைப் பயன்படுத்தத் தெரியாது என்று எழுதியிருந்தாள். எங்கேயும் படித்து எழுதியதல்ல. அவர்கள் ஏரிக்கரையில் கவனித்ததை வைத்து எழுதியிருந்தாள், மொழி தட்டுத்தடுமாறி இருந்தது. நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன். சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பூஜ்யம் வைத்தேன்.

தாளைக் கொடுத்த அன்று வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். இது தப்பா சார் என்று கேட்டாள்.

"நான் குடுத்த நோட்ஸ்ல என்னம்மா இருக்கு?" என்றேன்.

பாதிப்பில்லைன்னு இருக்கு சார் என்றாள். அப்புறம் என்ன என்றேன். அவள் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த தேர்வில் என் வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதியிருந்தாள்.